காற்றின் எடை கண்ட பாஸ்கல்

நீரை நாம் நாடோறும் கையாள்கின்றோம். கிணற்றில் முகக்கின்றோம், குடத்தில் நிறைக்கின்றோம், குளத்தில் மூழ்கி எழுகின்றோம். ஆயினும், அந்நீர் தன் அடியில் உள்ள பொருளை எவ்வளவு அழுத்துகின்றது, ஒரு நீர்மம் மற்றொன்றினும் ஏன் கனக்கின்றது என்று ஒரு சிறுவன் வினவுவானாயின், தடையின்றி விடையிறுக்க வல்லார் நம்முள் மிகச் சிலரே. வல்லார் அல்லார் கூட்டத்தில் யாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

யாம் தமிழ் கற்றுத் தமிழ் கற்பிப்போம். சில ஆண்டுகட்கு முன்னர் எம் பள்ளியின் அறிவியலாசிரியர் விடுப்பிற் சென்றிருந்தபோது, அவர் வகுப்பைச் சின்னாள் நடத்தும் பொறுப்பு எம்பால் வந்தது. பாடம் நீர்மங்களின் அழுத்தம். ஒத்த அடிப்பரப்பு உடைய இரண்டு கலங்கள். ஒன்று மேல்நோக்கி அகன்றது, மற்றொன்று மேல்நோக்கிக் குறுகியது. இரண்டிலும் ஒரே உயரம் நீர் நிற்கின்றது. அடியில் அழுத்தம் எவ்வளவு என்பது கணக்கு. ஆழத்தை அடர்த்தியாற் பெருக்கி, அதனைப் புவியீர்ப்பின் அளவாற் பெருக்கி, இரண்டும் ஒன்றே என்று கரும்பலகையில் எழுதினோம். கடைசி வரிசையில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, ஒன்றில் ஒரு குடம் நீரும் மற்றொன்றில் ஒரு செம்பு நீரும் இருக்க, இரண்டும் அடியை ஒருபடியாக அழுத்துவது எங்ஙனம் என்று வினவினான். வாய்பாடு அவ்வாறு கூறுகின்றது என்று சொல்லி அவனை இருத்தினோம். அவன் இருந்தான், அவன் ஐயம் இருக்கவில்லை. அன்று மாலை எமக்கு உண்டான நாணமே, அவ்வையத்தை முதன்முதல் நன்கு விளக்கிய பெரியாருள் ஒருவராகிய பிளேசு பாஸ்கல் என்பாரின் வரலாற்றைத் தேடிப் பயிலச் செய்தது. கற்றவற்றுட் சிலவற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும், சிறப்பாக அவர்தம் மக்கட்கும் பயன்படுமாறு இங்கே வரைகின்றோம்.

பாஸ்கல் பிரான்சு நாட்டில் கிளேர்மோன் என்னும் மலைநாட்டு ஊரில் 1623-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் எத்தியேன், வரித்துறையில் உயர்ந்த அலுவல் பார்த்தவர், கணிதத்திலும் வல்லவர். அன்னையார் பாஸ்கலின் மூன்றாம் வயதிலேயே இறந்தனர். மூத்தவள் ஜில்பெர்த், இளையவள் ஜாக்குலின் என்னும் பெண்மக்களோடு இம்மகனையும் தந்தையாரே வளர்த்து, 1631-இல் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்து, தாமே ஆசிரியராகவும் இருந்தார். அவர்க்கு ஒரு கொள்கை உண்டு. கணிதம் உள்ளத்தை முழுதும் கவர்ந்து கொள்வது. ஆதலின் மொழிப்பயிற்சி முற்றும்வரை மகன் கண்ணில் அது படலாகாது என்பது. கணித நூல்களை ஒளித்து வைத்தார். மறைத்த பொருளிலே மனம் செல்லுதல் இயல்பன்றோ? பன்னிரண்டு வயதுச் சிறுவன் கரித்துண்டு கொண்டு தரையில் வட்டமும் கோடும் வரைந்து, அவற்றின் முறையான பெயரும் அறியாமல், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்கட்கு ஒப்பாம் என்பதைத் தானே கண்டு கொண்டிருந்தான். கண்ட தந்தையார் கண்ணீர் உகுத்து, யூக்ளிடின் நூலை மகன் கையிற் கொடுத்தார் என்று ஜில்பெர்த் அம்மையார் எழுதியுள்ளார். உடன்பிறந்தாள் கூற்றாகலின் அன்பு சற்று மிகுந்திருத்தலும் கூடும். ஆயினும் பதினாறாம் வயதிற் கூம்பின் வெட்டுக்களைப் பற்றி அவர் இயற்றி 1640-இல் அச்சான சிறு கட்டுரையைக் கண்டார்க்கு அவ்வையம் எழாது.

தந்தையார் ரூவான் நகரில் வரி வகுக்கும் பொறுப்பேற்று 1640-இல் அங்குச் சென்றார். இரவெல்லாம் கூட்டலும் கழித்தலுமாய் அவர் வருந்துவதைக் கண்ட மகன், பற்சக்கரங்களாற் கணக்கிடும் பொறி ஒன்றை 1642-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடித்தார். அதன் வரலாறு தனியே எழுதத் தக்கது. இங்கே எம் கருத்து நீரின்மேலும் காற்றின்மேலும் ஆகலின் அதனைக் கடந்து செல்வோம்.

அக்காலத்து அறிஞரிடையே ஒரு பெரும் பூசல் நிகழ்ந்து கொண்டிருந்தது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கின்றது என்பது ஈராயிரம் ஆண்டாக வழங்கிய கொள்கை. உறிஞ்சு குழாயில் நீர் ஏறுவது அவ்வெறுப்பினாலேயே என்றனர். அஃதுண்மையாயின் நீர் எவ்வளவு உயரமும் ஏறல் வேண்டும். ஆனால் கிணற்று நீரை ஏறத்தாழ 34 அடிக்கு மேல் எந்த உறிஞ்சு குழாயும் ஏற்றவில்லை. இயற்கையின் வெறுப்பு 34 அடியோடு தீர்ந்து விடுகின்றதோ? இத்தாலி நாட்டு டாரிசெல்லி என்பார் 1644-இல் எழுதிய கடிதத்தில், கண்ணாடிக் குழாயைப் பாதரசத்தால் நிறைத்துப் பாதரசக் கிண்ணத்திற் கவிழ்த்தால், குழாயிற் பாதரசம் முழுதும் வழியாது ஏறத்தாழ 76 செண்டிமீட்டர் உயரம் நிற்பதை அறிவித்தார். பாதரசம் நீரினும் 13.6 மடங்கு கனமுடையது. 76-ஐ 13.6-ஆற் பெருக்க, 1034 செண்டிமீட்டர் வரும். அதுவே 34 அடி. பெருக்கத் தெரிந்த எவரும் இதன் உட்பொருளைக் காண்பர். புறத்திருந்து ஏதோ ஒன்று ஒரே அளவாகத் தள்ளுகின்றது. கனத்த நீர்மத்தைக் குறைவாகவும் இலேசான நீர்மத்தை மிகுதியாகவும் தாங்குகின்றது. அது காற்றின் எடை என்பதே டாரிசெல்லியின் கருத்து. கருத்து இருந்தது, ஐயமறத் தெளிவித்தல் இல்லை.

ரூவானில் பெத்தி என்னும் அன்பரோடு 1646-இல் பாஸ்கல் இதனைச் செய்து பார்த்தார். பாதரசத்தின்மேல் வெற்றிடம்போற் காணப்படும் இடம் உண்மையில் வெற்றிடம் அன்று, நீர்மத்தினின்று எழுந்த ஆவி அதனை நிரப்பிக்கொண்டு நீர்மத்தைக் கீழே தள்ளுகின்றது என்று எதிர்ப்பக்கத்தார் கூறினர். இவ்விடத்திற் பாஸ்கல் செய்ததுதான் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. அவர் அவர்களோடு சொல்லாற் பொரவில்லை. 46 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய்களைச் செய்வித்துக் கப்பலின் பாய்மரத்திற் கட்டி, ஒன்றில் நீரும் மற்றொன்றிற் செந்நிறத் திராட்சை மதுவும் நிரப்பி நிறுத்தப் போவதாக அறிவித்தார். எதுமேலே நிற்கும், எது தாழ நிற்கும் என்று முன்னரே கேட்டார். மது ஆவி மிகுந்தது. ஆதலின் அதன் ஆவி மிகுதியாகத் தள்ள, மதுவே தாழ நிற்கும் என்று அவர்கள் தம் கொள்கைப்படியே உறுதி கூறினர். அங்ஙனம் அவர்களை வாய்திறக்கச் செய்த பின்னர், பலர் காணக் குழாய்களை நிமிர்த்தினார். அந்நாட்டு அடியளவில் நீர் 31 அடிக்குச் சற்று மேலே நின்றது. மதுவோ அதனினும் அரையடி அளவு உயர்ந்து நின்றது! மது நீரினும் சிறிது இலேசு. ஒரே அழுத்தம் இலேசானதை உயரத் தாங்கிற்று. எதிரியின் கொள்கையைக் கொண்டே எதிரியின் விடையை முன்னதாக வாங்கி வைத்துக்கொண்டு சோதித்தமையின், பின்னர் மறுத்தற்கு இடமில்லாது போயிற்று.

உண்மையை உரைப்பின், எதிர்ப்பக்கத்தார் கூறியதிலும் ஓர் அணுவளவு மெய் உண்டு. மேலிடத்தில் நீராவி இருக்கவே செய்கின்றது. 20 டிகிரி வெப்பத்தில் அது பாதரச அளவையில் 17.5 மில்லிமீட்டர் அழுத்தும். நீரளவையில் அது 24 செண்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண். நீர் 34 அடிக்குச் சற்றுக் குறைந்தே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஒரு சாண் தள்ளுவது வேறு. 33 அடி தாங்குவது வேறு. பிழைபட்ட கொள்கையிலும் சாணளவு உண்மை இருத்தல் கூடும் என்பதை மாணாக்கர் அறிந்து கொள்ளல் நன்று.

1647-இல் நோய் மிகுந்து பாஸ்கல் பாரிசு திரும்பினார். அவர் உடல் இளமை தொட்டே நலிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் டேக்கார்ட் என்னும் பெரும் தத்துவ அறிஞர் நேரில் வந்து அவரைக் கண்டு உரையாடினார். டேக்கார்ட் வெற்றிடத்தை ஒப்பாதவர். மலையுச்சியிற் பாதரசத்தைச் சோதிக்குமாறு கூறியது தாமே என்று பின்னாளில் உரைத்தவர். பாஸ்கல் அதனைத் தம் எண்ணம் என்றே வெளியிட்டார். இருவரும் பெரியோர், அவ்வறையில் நடந்த உரையாடலை நாம் கேட்டோமில்லை, எனவே தீர்ப்புக் கூற எமக்கு மனமில்லை. ஆனால் எண்ணியவர் யாவராயினும், மலையேறியவர் இருவரும் அல்லர். ஏறியவர் ஜில்பெர்த்தின் கணவர் பெரியே. அவர் பெயரை மறந்துவிட்டுப் பாஸ்கலும் டேக்கார்ட்டும் வழக்காடியதை மட்டும் நினைவிற் கொள்ளுதல் முறையன்று என்பது எம் துணிபு.

கருத்து இதுதான். பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடையாயின், மலையுச்சியில் மேலேயுள்ள காற்றுக் குறைவு. ஆதலின் அங்கே பாதரசம் தாழ்ந்து நிற்றல் வேண்டும். இயற்கையின் வெறுப்பே காரணமாயின், அடிவாரத்தில் வெறுத்து உச்சியில் வெறாதிருக்க இயற்கைக்கு ஏது? கிளேர்மோனுக்கு அருகே பூய் தெ தோம் என்னும் மலை நிற்கின்றது. நவம்பர் மாதம் 15-ஆம் நாள் பாஸ்கல் மைத்துனர்க்கு எழுதினார். அலுவலும் பனியும் மூடுமேகமும் தடுக்க, பத்துத் திங்கள் கழிந்தன.

1648-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் நாள் விடியலில் மலைமுகடு தெளிந்து தோன்றியது. பெரியே துறவியரும் அலுவலாளரும் ஆகிய சிலரைக் கூட்டிக்கொண்டு, ஊரின் தாழ்ந்த இடமாகிய மினிம் துறவிகள் மடத்துத் தோட்டத்திற்குச் சென்றார். நான்கடி நீளக் குழாய்கள் இரண்டில் ஒரே பாதரசத்தை நிரப்பி நிறுத்தினார். இரண்டிலும் 26 அங்குலமும் மூன்றரை வரியும் நின்றன. வரி என்பது அவர்கள் அங்குலத்திற் பன்னிரண்டில் ஒரு கூறு. ஒரு குழாயை அவ்விடத்தே நிறுத்தி, சாஸ்தேன் என்னும் துறவியாரை அதனருகே இருத்தி, பகல் முழுதும் அடிக்கடி நோக்கி வருமாறு வேண்டிக்கொண்டு, மற்றொன்றுடன் மலையேறினார். ஏறத்தாழ 3000 அடி ஏறி உச்சியில் நிறுத்த, பாதரசம் 23 அங்குலமும் இரண்டு வரியுமே நின்றது. மூன்று அங்குலமும் ஒன்றரை வரியும் குறைந்துவிட்டன! உடன் சென்றார் வியப்பில் ஆழ்ந்தனர். பெரியே வியப்போடு நின்றாரல்லர். உச்சியில் இருந்த சிறு கோயிலுள்ளும், வெளியிலும், காற்றடிக்கும் இடத்தும், மறைவிடத்தும், மழைத்தூறலிலும் மீட்டும் மீட்டும் ஐந்து முறை செய்து பார்த்தார்; அளவு மாறவில்லை. இறங்கும் வழியில் இடையே ஓரிடத்தில் நிறுத்த 25 அங்குலம் நின்றது. மீண்டும் தோட்டத்திற்கு வந்து நிறுத்த, காலையிற் கண்ட 26 அங்குலமும் மூன்றரை வரியுமே.

சாஸ்தேன் துறவியாரை அணுகி வினவ, நாள் முழுதும் தம் குழாயிற் சிறிதும் அசைவில்லை என்றார். உச்சியிற் சென்ற குழாயினும் தோட்டத்தில் நின்ற குழாயே எம் மதிப்பில் உயர்ந்தது. அஃதின்றேல், அன்றைய வானிலை மாறியதாற் பாதரசம் இறங்கியது என்று ஒருவர் எளிதிற் கூறியிருப்பர். ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது மற்றொன்றை மாற்றாது வைத்தல் என்னும் முறையை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் சிறந்த சான்று எமக்குக் கிடைத்ததில்லை. மலையேறும் ஆர்வம் யார்க்கும் வரும். மாறாத ஒன்றை நாள் முழுதும் பார்த்துக்கொண்டு இருத்தல் அரிது.

இவ்வளவுகளைக் கொண்டு ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். குறைந்த பாதரசம் நம் அளவையில் ஏறத்தாழ 84.6 மில்லிமீட்டர். 13.6-ஆற் பெருக்க, 1.15 மீட்டர் நீருக்கு ஒப்பாகும். ஏறிய உயரம் பெரியேயின் மதிப்பில் ஏறத்தாழ 974 மீட்டர். ஆகவே 974 மீட்டர் உயரமுள்ள காற்றும் 1.15 மீட்டர் உயரமுள்ள நீரும் ஒரே எடை. வகுத்துப் பார்ப்பின், அங்குள்ள காற்று நீரினும் ஏறத்தாழ 850-இல் ஒரு பங்கு அடர்த்தி உடையது என்பது பெறப்படும். ஒரு தராசும் இன்றி, ஒரு மலையும் ஒரு குழாயும் கொண்டு காற்றின் அடர்த்தியை அளந்து விட்டோம்! இக்காலக் கருவிகள் காட்டும் அளவிற்கும் இது மிக அணித்தே நிற்கின்றது. எம் வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தபோது, வாய்பாட்டை வெறுத்த பிள்ளைகளும் எழுதுகோலை எடுத்தனர்.

செய்தி கேட்ட பாஸ்கல், பாரிசில் சேன் ஜாக் கோபுரத்தின் அடியிலும் முடியிலும் சோதித்து அங்கும் இரண்டு வரிக்கு மேல் வேறுபாடு கண்டு, எல்லாவற்றையும் அவ்வாண்டே அச்சிட்டார்.

பின்னர் அவர் நீர்மங்களின் சமநிலை, காற்றுத் திரளின் எடை என்னும் பொருள்கள்பற்றி இரண்டு சிறு நூல்கள் எழுதினார். எம் மாணாக்கன் வினாவிற்கு விடை முதல் நூலின் தொடக்கத்திலேயே உள்ளது. அகன்றும் குறுகியும் பல வடிவான கலங்கட்கு ஒரே அளவான அடித்துளை. துளையை அடைத்த தக்கையைக் கயிற்றாற் கட்டித் தராசின் ஒரு கையில் தொங்கவிடுகின்றார். நீரின் உயரம் ஒன்றாயின், கலத்தில் நீர் மிகினும் குறையினும், தக்கையைத் தாங்க மறுகையில் வைக்கும் எடை ஒன்றே. மெல்லிய குழாயில் ஓர் அவுன்சு நீரே இருப்பினும் நூறு பவுண்டு எடை வேண்டியிருக்கும். அந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகிக் கலத்தின் பக்கத்தில் ஒட்டாது நின்றால், அதனைத் தாங்க ஓர் அவுன்சே போதும். தீயருகே வைத்து உருக்கியவுடன் மீண்டும் நூறு பவுண்டு வேண்டும் என்கிறார். இதனைப் படித்தபோதே எமக்குத் திரை விலகியது. பனிக்கட்டி தன் எடையால் நேர்கீழே மட்டும் அழுத்தும். நீரோ பெற்ற அழுத்தத்தை எல்லாப் பக்கமும் செலுத்தும். மேல்நோக்கி அகன்ற கலத்தில் மிகுதியான நீரைச் சாய்ந்த சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. மேல்நோக்கிக் குறுகிய கலத்தில் நீர் சாய்ந்த சுவரை மேலே தள்ள, சுவர் நீரைக் கீழே தள்ளுகின்றது. குறைந்த நீரின் குறையைச் சுவரே நிரப்புகின்றது. இவ்வளவே. இதனைச் சொல்ல அம்மாணாக்கனைத் தேடினோம்; அவன் பெற்றோர் ஊர்மாறிச் சென்றமையால் அவனும் பள்ளி மாறிவிட்டான்.

இவ்வுண்மையை ஸ்டெவின் என்னும் டச்சு அறிஞர் 1586-லேயே கண்டிருந்தார். பாஸ்கலின் தனிச்சிறப்பு, அதனைக் காற்றோடு சேர்த்து ஒரே நெறியாக விளக்கியதும், அதிலிருந்து ஒரு பொறியை வகுத்ததும் ஆகும். நீர் நிறைந்த கலத்திற்கு இரண்டு வாய். ஒன்று மற்றொன்றினும் நூறு மடங்கு பெரிது. சிறிய வாயில் ஒருவர் தள்ளினால் பெரிய வாயில் நூற்றுவர் தள்ளுவதற்கு ஒப்பாம் என்றார். 1795-இல் ஆங்கிலேயராகிய பிராமா அதனை அழுத்தப் பொறியாகச் செய்து உரிமை பெற்றார். இன்று பேருந்தின் சக்கரத்தை மாற்ற ஒருவன் தனியே வண்டியைத் தூக்கி நிறுத்துவதும் அதனாலேயே. நெடுங்குழாயில் ஒரு செம்பு நீர் ஊற்றிப் பீப்பாயைப் பாஸ்கல் வெடிக்கச் செய்தார் என்று பாடநூல்களிற் படமுண்டு. ஆனால் அச்செய்தி அவர் நூல்களில் இல்லை. ஒன்று இங்கே சொல்லி வைப்போம். மயிரிழை போன்ற நுண்குழாயில் இக்கணக்குச் சற்று வழுவும். அங்கே பரப்பு இழுவிசையால் நீர் தானே உயரும், பாதரசம் தாழும். அதன் கணக்கு 1805-ஐ ஒட்டி யங், லாப்லாசு என்பார் வகுத்தது.

இரண்டாம் நூலில் உலகைச் சூழ்ந்த காற்று முழுவதையும் நிறுத்துக் காட்டுகின்றார். காற்றின் அழுத்தம் 31 அடி நீருக்கு ஒப்பு; ஆகலின் பூமி முழுதும் 31 அடி நீர் சூழ்ந்ததாகக் கொண்டு பெருக்கினார். வந்த தொகை 82 ஆயிரம் கோடிக் கோடிக்குச் சற்று மேற்பட்ட பவுண்டு. எண்ணால் எழுதின் 8-ஐத் தொடர்ந்து பதினெட்டு இலக்கங்கள். கூட்டல் கழித்தல் அறிந்த சிறுவனும் இதனைச் செய்யலாம் என்னும் கருத்தும் உடன் உரைத்தார். இக்காலத்தார் கண்ட அளவில் அது ஏறக்குறைய ஐந்தில் நான்கு. அறையில் நோயுற்றுக் கிடந்த ஒருவர் உலகத்துக் காற்றை நிறுத்த தராசு, இவ்வளவேனும் சரியாய் நின்றதே!

தந்தையார் 1651-இல் மறைந்தார். மறு ஆண்டு ஜாக்குலின் போர் ராயல் மடத்தில் துறவு பூண்டாள். 1654-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் நாள் இரவு பாஸ்கலுக்கு இறைநாட்டம் பேரொளியாகத் தோன்றிற்று. அதன்பின் அவர் உள்ளம் பெரும்பாலும் சமயத்தின்பாற் சென்றது. நூல்கள் இரண்டும் அச்சேறாமற் கிடந்தன. அறிவியலை அவர் அறவே கைவிட்டார் எனச் சிலர் எழுதுவர், அது மிகை. 1658-இல் சக்கரப்புள்ளியின் வளைவரையை ஆராய்ந்தார்; இறக்கும் ஆண்டிலேயே ஐந்து சூ காசுக்குப் பாரிசின் தெருக்களில் குறித்த வழியில் ஓடும் பொது வண்டிகளை ஏற்படுத்துவதில் முன்னின்றார். 1662-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டு அவ்விரு நூல்களையும் அச்சிட்டு உலகிற்கு அளித்தவர் மலையேறிய அதே பெரியே.

1971-இல் கூடிய எடை அளவைகளின் உலகப் பொதுமாநாடு, அழுத்தத்தின் அலகிற்குப் பாஸ்கல் என்று பெயரிட்டது. கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல் எனக் கொள்வர். ஒரு பாஸ்கல் மிகச் சிறிது. ஈரத்துணியால் திண்ணையைத் துடைத்தபின் அதன்மேல் மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு கூறு கனமுள்ள நீர்ப்படலம் தங்குமாயின், அப்படலம் திண்ணையை அழுத்தும் அளவே அது.